ஃபோர்டுக்கு ஓர் எழுத்து, மைக்ரோசாஃப்ட்டுக்கு நான்கு: பங்குக் குறியீடுகள் எங்கிருந்து வந்தன?

அமெரிக்கப் பங்குச் சந்தையில் ஃபோர்டுக்கு ‘எஃப்’ என்று ஒரே ஓர் எழுத்து, மைக்ரோசாஃப்ட்டுக்கு ‘எம்.எஸ்.எஃப்.டி.’ என்று நான்கு. இதை யார், எந்தக் கணக்கில் கொடுத்தார்கள் என்பது கேள்வி. பெரிய கம்பெனிகளுக்கு மரியாதைக்காக ஓரெழுத்து கொடுத்தார்களா, பங்கு விலையைக் காகித நாடாவில் அச்சடித்த இந்த டிக்கர் சமாச்சாரத்தை எல்லாம் எடிசன்தான் கண்டுபிடித்தாரா என்று இரண்டு துணைக் கேள்விகளும் உண்டு.

துணைக் கேள்விகள் இரண்டுக்கும் பதில் ‘இல்லை’. மரியாதை பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது. எடிசன் ஏற்கெனவே இருந்த இயந்திரத்தைத் திருத்தியவர். முதல் கேள்விக்குத்தான் கொஞ்சம் விரிவாகப் போக வேண்டும். ஏனென்றால் ஒரு கமிட்டி உட்கார்ந்து முடிவு செய்து பிறந்தவை அல்ல இந்தக் குறியீடுகள். ஒரு மெதுவான இயந்திரத்தோடு மல்லுக்கட்டியதில் பிறந்தவை.

நியூயார்க்கில் 24 தரகர்கள் சேர்ந்து தங்களுக்குள் ஓர் ஒப்பந்தம் எழுதிக்கொண்டது 1792 மே 17-ஆம் தேதி. அதிலிருந்து வளர்ந்ததுதான் நியூயார்க் பங்குச் சந்தை. அந்தக் காலத்தில் குறியீடு எதுவும் தேவைப்படவில்லை. விற்பனைக்கு இருந்தவை அரசாங்கக் கடன் பத்திரங்களும் சில வங்கிப் பங்குகளும்தான். பின்னால் பட்டியல் நீண்டபோதும், தலைவர் ஒவ்வொரு பங்கின் பெயரையும் வரிசையாக வாசிப்பார், அந்தப் பங்குக்கு மட்டும் ஏலம் நடக்கும், அப்புறம் அடுத்த பெயர். எல்லாப் பங்கும் எல்லா நேரமும் கைமாறும் தொடர் வர்த்தகம் 1871-இல்தான் வந்தது.

சந்தைக்கு உள்ளே இருந்தவர்களுக்குச் சிக்கல் இல்லை. வெளியே அலுவலகத்தில் இருந்த தரகருக்குத்தான் விலை தெரிந்தாக வேண்டும். அதற்காகப் பையன்களை வைத்திருந்தார்கள். கையில் குறிப்புத் தாள், வால் ஸ்ட்ரீட் முழுக்க ஓட்டம். அவர்கள் கொண்டுவந்த விலை, கைக்கு வந்து சேரும்போதே பழையதாகியிருக்கும். 1844-இல் மோர்ஸ் தன் தந்தியை வாஷிங்டனுக்கும் பால்டிமோருக்கும் இடையே நடத்திக் காட்டிய பிறகு, தூரத்து ஊர்களுக்கு விலையை அனுப்ப வழி பிறந்தது. ஆனால் தந்தியில் ஒவ்வொரு சொல்லுக்கும் காசு. தந்தி அடிப்பவருக்கோ ஒவ்வொரு எழுத்துக்கும் கைவலி. எனவே கம்பெனிப் பெயர்களைச் சுருக்கும் பழக்கம் இங்கேயே ஆரம்பித்துவிட்டது. அந்த நூற்றாண்டில் சந்தையை ஆண்டவை ரயில் கம்பெனிகள். அவற்றின் பெயர்களோ வாய் வலிக்கும் நீளம்.

சரி, இனி இயந்திரம். அமெரிக்கன் டெலிகிராஃப் கம்பெனியில் வேலை பார்த்த எட்வர்ட் கேலஹன் என்பவர், பையன்கள் முட்டிமோதி ஓடுவதைப் பார்த்து, விலையைத் தானாகவே அச்சடித்துத் தரும் ஒரு கருவியைச் செய்தார். 1867 நவம்பரில் அது நியூயார்க்கில் ஓட ஆரம்பித்தது. ஓடும்போது ‘டிக் டிக்’ என்று சத்தம் போட்டதால் டிக்கர் என்று பெயர் வந்தது. கண்ணாடிக் குடுவைக்குள் வைத்த ஒரு சின்னப் பொறி. அதன் பக்கத்திலிருந்து முக்கால் அங்குல அகலத்தில் ஒரு காகித நாடா வெளியே வந்துகொண்டே இருக்கும்.

இந்தப் பொறி வேலை செய்த விதத்தில்தான் உங்கள் கேள்விக்கான விடை இருக்கிறது. உள்ளே எழுத்துகளுக்கு ஒரு சக்கரம், எண்களுக்கு ஒரு சக்கரம். விளிம்பைச் சுற்றி எழுத்துகள் வரிசையாகப் பொறித்திருக்கும். சந்தையில் இருந்து ஒரு மின் துடிப்பு வந்தால் சக்கரம் ஒரு படி நகரும். வேண்டிய எழுத்து வந்து நிற்கும்வரை துடிப்பு மேல் துடிப்பாக அனுப்ப வேண்டும். எழுத்து சரியான இடத்துக்கு வந்ததும் காகிதம் அதன்மேல் அழுந்தும். ஒரே கம்பியில் இணைந்த எல்லா அலுவலகப் பொறிகளும் ஒரே நேரத்தில் இப்படி நகரும். ஆரம்பகாலப் பொறிகள் அடித்தது சுமார் ஒரு விநாடிக்கு ஓர் எழுத்து.

இப்போது கணக்குப் போடுங்கள். 1869-இல் ரயில் அதிபர் வாண்டர்பில்ட் இரண்டு ரயில் கம்பெனிகளை இணைத்து உருவாக்கிய கம்பெனியின் பெயர் ‘நியூயார்க் சென்ட்ரல் அண்ட் ஹட்சன் ரிவர் ரெயில்ரோடு’. ஆங்கிலத்தில் 36 எழுத்து, இடைவெளி தனி. பெயரை மட்டும் அடித்து முடிக்கவே அரை நிமிடத்துக்கு மேல் ஆகும். அப்புறம்தான் விலை. அதற்குள் அந்தப் பங்கு இன்னும் நான்கு முறை கைமாறியிருக்கலாம், மற்ற பங்குகள் எல்லாம் வரிசையில் காத்திருக்கும். முழுப் பெயரை அடிப்பது நடக்கவே நடக்காது.

ஆகவே சுருக்கினார்கள். அதிலும் ஒரு புத்திசாலித்தனம் இருந்தது. நாளுக்கு ஒரு முறை கைமாறும் பங்குக்கு மூன்று எழுத்து இருந்தால் நஷ்டம் இல்லை. நாளுக்கு நூற்றுக்கணக்கான முறை கைமாறும் பங்கில் ஓர் எழுத்தை மிச்சப்படுத்தினால்கூட நாடா முழுக்க வேகம் கூடும். அதிகம் புழங்கும் பங்குக்கு மிகக் குட்டையான குறி. ஓரெழுத்துக் குறியீட்டின் பின்னால் இருந்த தர்க்கம் இவ்வளவுதான். மோர்ஸ் தன் தந்திக் குறிகளில், ஆங்கிலத்தில் அதிகம் வரும் ‘இ’ எழுத்துக்கு ஒரே ஒரு புள்ளி கொடுத்ததும் இதே கணக்கில்தான்.

எடிசன் விஷயத்துக்கு வருவோம். 1869-இல் கையில் காசில்லாமல் நியூயார்க் வந்தவர் அவர். தங்க விலையைக் காட்டும் கருவி ஒன்றை நடத்திக்கொண்டிருந்த சாமுவேல் லாஸ் என்பவரின் கம்பெனியில், கருவி நின்றுபோன நேரத்தில் அதைச் சரிசெய்து வேலையில் சேர்ந்தார் என்பது அவரே சொன்ன கதை. அதன் பிறகு டிக்கரில் இறங்கினார். அந்தப் பொறிகளுக்கு ஒரு பெரிய வியாதி இருந்தது. ஏதோ ஓர் அலுவலகத்தில் சக்கரம் ஒரு படி தவறிவிட்டால், அதன் பிறகு வரும் எழுத்தெல்லாம் தப்பு. ஆள் போய்க் கையால் திருத்தும்வரை அங்கே அச்சாவது வெறும் உளறல். தூரத்திலிருந்தே எல்லாச் சக்கரங்களையும் ஒரே நிலைக்குக் கொண்டுவரும் ஓர் ஏற்பாட்டை எடிசன் தன் பொறியில் சேர்த்தார். 1871 வாக்கில் வந்த அவருடைய ‘யுனிவர்சல்’ டிக்கர் பல ஆண்டுகள் ஓடியது. இந்தக் கண்டுபிடிப்புகளுக்குத் தனக்கு 40,000 டாலர் கிடைத்ததாக அவர் பின்னாளில் சொன்னார். நியூவார்க்கில் அவர் பட்டறை போட்டது டிக்கர் காசில்தான். மின்விளக்கு எல்லாம் அதற்குப் பிறகு.

நாடாவில் பெயரை மட்டும் சுருக்கி நிறுத்திக்கொள்ளவில்லை. மேல் வரியில் குறியீடு, கீழ் வரியில் எண்ணிக்கையும் விலையும். நூறு பங்குதான் வழக்கமான ஒரு கட்டு என்பதால், நூறு என்றால் எண்ணிக்கையை அச்சடிக்கவே மாட்டார்கள். இருநூறு என்றால் 2 என்று மட்டும் வரும். சந்தை சூடுபிடித்தால் விலையின் முதல் இலக்கத்தையும் விட்டுவிடுவார்கள். படிப்பவர் ஊகித்துக்கொள்ள வேண்டும். நாடா படிப்பதையே தொழிலாக வைத்திருந்தவர்கள் இருந்தார்கள் என்பதில் ஆச்சரியம் இல்லை. பங்கே வாங்காமல் நாடாவில் வரும் விலைமேல் பந்தயம் கட்டும் ‘பக்கெட் ஷாப்’ கடைகளும் ஊர் ஊராக முளைத்தன. படித்து முடித்த நாடாவுக்கு இன்னொரு பயனும் கிடைத்தது. 1886 அக்டோபரில் சுதந்திர தேவி சிலைத் திறப்பு விழா ஊர்வலம் போனபோது, அலுவலக ஜன்னல்களில் இருந்து குமாஸ்தாக்கள் அதைச் சுருள் சுருளாக வீசினார்கள். நியூயார்க்கில் வெற்றி ஊர்வலங்களில் காகிதம் பறக்கும் வழக்கம் அப்படித் தொடங்கியது.

எவ்வளவு சுருக்கியும் பொறியால் ஈடுகொடுக்க முடியாத நாள் ஒன்று வந்தது. 1929 அக்டோபர் 24, வியாழக்கிழமை, விலைகள் மளமளவென்று சரிந்த நாள். அன்று சுமார் 1 கோடியே 29 லட்சம் பங்குகள் கைமாறின. சந்தை மூடி நான்கு மணி நேரம் கழிந்தும் டிக்கர் அன்றைய விலைகளை அடித்துக்கொண்டிருந்தது. அடுத்த செவ்வாய்க்கிழமை, 29-ஆம் தேதி, 1 கோடியே 64 லட்சம். நாட்டின் மற்ற ஊர்களில் நாடாவைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்குத் தாங்கள் இருக்கிறோமா, மூழ்கிவிட்டோமா என்றே தெரியவில்லை. தெரியாததால் இன்னும் பயந்து விற்றார்கள். அந்தச் சரிவுக்கு ஆயிரம் காரணம் சொல்கிறார்கள். பின்தங்கிய நாடா பீதியைக் கூட்டியது என்பதை நான் அந்தப் பட்டியலில் மேலே வைப்பேன். 1930-இல் நிமிடத்துக்கு 500 எழுத்து அடிக்கும் புதிய டிக்கர் வந்தது. 1964-இல் அது 900 ஆனது.

வேகம் கூடக் கூட, குறியீட்டைக் குட்டையாக வைத்திருக்க வேண்டிய கட்டாயம் குறைந்துகொண்டே வந்தது. ஆனால் குட்டைப் பெயர் வைத்திருந்தவர்கள் அதை விட்டுக்கொடுக்கத் தயாராக இல்லை. மரியாதை கதைக்குள் நுழைவது இங்கேதான். ஃபோர்டையே எடுத்துக்கொள்ளுங்கள். அது வெகுகாலம் குடும்பச் சொத்தாக இருந்து, 1956-இல்தான் பங்குச் சந்தைக்கு வந்தது. அப்போது நிமிடத்துக்கு 500 எழுத்து ஓடிக்கொண்டிருந்தது. ஓர் எழுத்தா இரண்டா என்பதில் மிச்சமாகும் நேரம் அற்பம். ஆனாலும் ‘எஃப்’ கிடைத்தது. 2008-இல் வந்த விசா கார்டு கம்பெனிக்கு ‘வி’ கிடைத்தது. முழுக்கக் கணினியான காலத்தில் அதற்கு அந்தஸ்து தவிர வேறு பொருள் கிடையாது.

ஓரெழுத்துகளுக்கு நடந்த கைமாற்றங்கள் தனிக்கதை. யு.எஸ். ஸ்டீல் 1901-இல் உருவான பிரம்மாண்டம். அதன் குறி ‘எக்ஸ்’. அந்த எழுத்து எவ்வளவு தூரம் ஒட்டிக்கொண்டது என்றால், எண்ணெய்த் தொழிலிலும் கால்பதித்துவிட்ட அந்தக் கம்பெனி 1986-இல் தன் பெயரையே ‘யு.எஸ்.எக்ஸ்.’ என்று மாற்றிக்கொண்டது. பெயரிலிருந்து குறியீடு பிறப்பது வழக்கம், இங்கே குறியீட்டிலிருந்து பெயர் பிறந்தது. பின்னால் எண்ணெய் பிரிந்து போனதும் பழைய பெயருக்கே திரும்பினார்கள். 2025 ஜூனில் ஜப்பானின் நிப்பான் ஸ்டீல் வாங்கிய பிறகு அந்தப் பங்கே நியூயார்க் பட்டியலில் இல்லை.

டெலிபோனின் முதல் எழுத்தான ‘டி’, ஏ.டி. அண்ட் டி. கம்பெனியின் குறி. அரசு தொடுத்த வழக்கின் முடிவில் 1984-இல் அந்தக் கம்பெனி உடைக்கப்பட்டபோது பிறந்த வட்டாரக் கம்பெனிகளில் ஒன்று, எஸ்.பி.சி. என்ற பெயரில் வளர்ந்து, 2005-இல் தாய்க் கம்பெனியையே விலைக்கு வாங்கியது. வாங்கிய கையோடு தன் பெயரை உதறிவிட்டு ஏ.டி. அண்ட் டி. என்ற பெயரையும் அந்த ஓரெழுத்தையும் எடுத்துக்கொண்டது. கார் கம்பெனியான கிரைஸ்லர் வைத்திருந்த ‘சி’, 1998-இல் அது ஜெர்மனியின் டைம்லரோடு இணைந்ததும் சிட்டிகுரூப் வங்கியிடம் போனது. ‘எம்’ எழுத்தை மைக்ரோசாஃப்டுக்காகவும் ‘ஐ’ எழுத்தை இன்டெலுக்காகவும் நியூயார்க் சந்தை காலியாக வைத்துக் காத்திருக்கிறது என்று வால் ஸ்ட்ரீட்டில் ரொம்ப நாள் பேச்சு. இரண்டு பேரும் நாஸ்டாக் என்ற போட்டிச் சந்தையை விட்டு வரவே இல்லை. 2007-இல் ‘எம்’ மேசிஸ் கடைக்குப் போய்ச் சேர்ந்தது.

அந்த நாஸ்டாக்தான் உங்கள் நான்கெழுத்துக்குக் காரணம். நியூயார்க் சந்தைக்காரர்கள் ஒன்றிலிருந்து மூன்று எழுத்துகளை வைத்திருந்தார்கள். 1971-இல் நாஸ்டாக் தொடங்கும்போது அது ஆட்கள் கூவும் கூடம் இல்லாத, கணினித் திரை வழியே விலை காட்டும் ஏற்பாடு. நான்கு எழுத்து என்றால் இது எந்தச் சந்தை என்பது பார்த்தவுடன் தெரிந்துவிடும். ஐந்தாவது எழுத்து சேர்ந்தால் அது ஒரு கூடுதல் குறிப்பு மாதிரி: திவால் மனு போட்ட கம்பெனி என்றால் கடைசியில் ‘கியூ’ வரும். 2007 முதல் மூன்றெழுத்துக் கம்பெனிகளும் தங்கள் குறியை மாற்றாமலே நாஸ்டாக்குக்கு வர வழி திறந்தது. ஆகவே எழுத்தை எண்ணிச் சந்தையைச் சொல்வது இன்றைக்குச் செல்லாது.

முன்பு பாஸ்டன், ஃபிலடெல்ஃபியா, சிகாகோ என்று ஊருக்கு ஒரு சந்தை இருந்த காலத்தில் ஒரே கம்பெனிக்குப் பல குறியீடுகள் புழங்கின. நாடு முழுக்க ஒரே எழுத்து முறையைக் கொண்டுவந்த பெருமையை, சந்தைத் தகவல் வெளியிடும் ஸ்டாண்டர்டு அண்ட் புவர்ஸ் நிறுவனத்துக்குக் கொடுப்பது வழக்கம். இப்போது சந்தைகள் தங்களுக்குள் ஒரு பொதுத் திட்டம் வைத்திருக்கின்றன. புதிதாக வரும் கம்பெனி தனக்குப் பிடித்த எழுத்துகளைச் சந்தை வழியாகக் கேட்கும், வேறு யாரும் வைத்திருக்காவிட்டால் முன்பதிவு செய்துகொள்ளலாம்.

கேட்டு வாங்கலாம் என்று ஆனதும் விளையாட்டும் வந்துவிட்டது. சவுத்வெஸ்ட் ஏர்லைன்ஸின் ‘எல்.யூ.வி.’யைச் சேர்த்துப் படித்தால் ‘லவ்’. டல்லாஸில் அவர்கள் கிளம்பிய விமான நிலையம் லவ் ஃபீல்டு. ஹார்லி டேவிட்சன் 2006-இல் தன் பழைய குறியை விட்டு, அந்த பைக்குகளின் செல்லப் பெயரான ‘ஹாக்’ என்பதற்கு மாறியது. சீஸ்கேக் ஃபேக்டரி உணவகத்துக்கு ‘கேக்’. ஏலம் விடும் சோதபீஸ், 2019-இல் சந்தையை விட்டு விலகும்வரை, ஏலத்தில் விலை கேட்பதைச் சொல்லும் ‘பிட்’ என்ற குறியை வைத்திருந்தது. எனக்குப் பிடித்தது, பியானோ செய்யும் ஸ்டைன்வே 2013-இல் சந்தையை விட்டு விலகும்வரை வைத்திருந்தது. லுட்விக் ஃபான் பீத்தோவன் பெயரின் முதலெழுத்துகளான ‘எல்.வி.பி.’ இதெல்லாம் வெறும் வேடிக்கை என்றும் ஒதுக்க முடியாது. பிரின்ஸ்டன் பல்கலைக்கழக உளவியலாளர்கள் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், வாயில் நுழையும் குறியீடு உள்ள பங்குகள் சந்தைக்கு வந்த ஆரம்ப நாட்களில், நுழையாதவற்றைவிட நன்றாகப் போனது தெரிந்தது. கம்பெனி தன்னை மாற்றிக்கொள்ளும்போது குறியீடும் மாறுகிறது. 2022 ஜூனில் ஃபேஸ்புக் தன் பழைய இரண்டெழுத்தை விட்டு ‘மெட்டா’வுக்கு வந்தது. அந்த நான்கெழுத்தை அதற்கு முன் ஒரு சின்ன முதலீட்டு நிதி வைத்திருந்தது. அது விலகி இடம் கொடுத்தது.

சுருக்கினால் குழப்பமும் சேர்ந்தே வரும். 2013 அக்டோபரில் ட்விட்டர் பங்கு வெளியிடப்போகிறது, குறி ‘டி.டபிள்யூ.டி.ஆர்.’ என்று செய்தி வந்தது. பங்கு இன்னும் வரவே இல்லை. ஆனால் ட்வீட்டர் என்று ஆடியோ சாதனங்கள் விற்றுத் திவாலான ஒரு கம்பெனி, அதே நான்கு எழுத்தோடு ‘கியூ’ சேர்த்துச் சந்தையின் ஓரத்தில் கிடந்தது. ஒரு சென்ட் காசுக்கும் கீழே கிடந்த அந்தப் பங்கு ஒரே நாளில் பல மடங்கு எகிற, வர்த்தகத்தை நிறுத்திக் குறியீட்டையே மாற்ற வேண்டியதாயிற்று. திவால் என்று சொல்லத்தான் அந்த ‘கியூ’ இருந்தது. பார்த்தவர்கள்தான் இல்லை. 2020 மார்ச்சில் ஊரடங்கின்போது வீடியோ கூட்டம் நடத்தும் ஜூம் மேல் எல்லோருக்கும் ஆசை வந்தது. அதன் குறி ‘இசட்.எம்.’ பலர் ‘ஜூம்’ என்று முழுதாகத் தேடி, அந்தக் குறியை வைத்திருந்த, சம்பந்தமே இல்லாத ஒரு கம்பெனியின் பங்கை வாங்கிக் குவித்தார்கள். கடைசியில் அமெரிக்கப் பங்குச் சந்தை ஒழுங்கு ஆணையம் தலையிட்டு அந்தப் பங்கின் வர்த்தகத்தைத் தற்காலிகமாக நிறுத்தியது.

இந்த எழுத்து மரபு அமெரிக்காவின் நாடாவில் பிறந்தது என்பதற்கு மற்ற நாடுகளைப் பார்த்தாலே போதும். டோக்கியோவில் நான்கு இலக்க எண். 72-இல் தொடங்கும் வரிசையில் கார் கம்பெனிகள்: நிசான் 7201, டொயோட்டா 7203, ஹோண்டா 7267. எண்கள் தீரத் தொடங்கியதால் 2024 முதல் புதிய பங்குகளின் குறியில் ஓர் ஆங்கில எழுத்தும் சேர்க்கிறார்கள். ஹாங்காங்கிலும் எண்தான். கண்டோனீஸில் எட்டு ராசியான எண் என்பதால், அலிபாபா அங்கே 9988 என்று வந்தது. வண்டிக்கு ஃபேன்சி நம்பர் வாங்குவதுபோல, நன்கொடை கொடுத்துப் பிடித்த எண்ணைப் பெறும் திட்டமும் அங்கே இருக்கிறது.

நம் ஊரில் மும்பைப் பங்குச் சந்தை ஆறு இலக்க எண் தருகிறது. ரிலையன்ஸ் 500325, இன்ஃபோசிஸ் 500209. தேசியப் பங்குச் சந்தை 1994-இல் பங்கு வர்த்தகத்தைத் தொடங்கியபோதே கணினித் திரை, செயற்கைக்கோள் இணைப்பு. சுழல வேண்டிய சக்கரமே அங்கு இருந்ததில்லை. அதனால் பத்து எழுத்து வரை தாராளம். ரிலையன்ஸ் முழுப் பெயரோடு நிற்கிறது. கரூர் வைஸ்யா வங்கியின் பெயரில் ‘வங்கி’யை விட்டுவிட்டால் ஆங்கிலத்தில் மிகச் சரியாகப் பத்து எழுத்து, அதுவே அதன் குறி. எம்.ஆர்.எஃப். மூன்றெழுத்தில் இருப்பது சந்தை சுருக்கியதால் அல்ல, கம்பெனியின் பெயரே அப்படித்தான். இன்ஃபோசிஸ் இங்கே பத்தெழுத்துக் குறியோடு இருந்து, ‘டெக்னாலஜீஸ்’ என்ற சொல்லைத் தன் பெயரிலிருந்து எடுத்த 2011-இல், அமெரிக்காவில் 1999 முதல் தனக்கு இருந்த ‘ஐ.என்.எஃப்.ஒய்.’ என்ற நான்கெழுத்துக்கு இங்கேயும் மாறிக்கொண்டது. கொழும்புச் சந்தையில் குறியீட்டின் வால் பகுதியைக் கவனிக்க வேண்டும். கமர்ஷியல் வங்கியின் வாக்குரிமைப் பங்குக்குப் பின்னால் ‘என்’ வரும், வாக்குரிமை இல்லாததற்கு ‘எக்ஸ்’.

ஆகக் குறியீடு என்பது ஒரு சந்தைக்குள் மட்டும் செல்லும் அழைப்புப் பெயர். மாறலாம், கைமாறலாம், வேறு நாட்டில் வேறொருவருக்குச் சொந்தமாக இருக்கலாம். உலக அளவில் ஒரு பங்கைக் குழப்பமில்லாமல் அடையாளம் காட்ட ஐசின் என்ற 12 இடக் குறியீடு இருக்கிறது. முதல் இரண்டு இடம் நாட்டைச் சொல்லும், கடைசி இலக்கம் முந்தியவை சரியாக எழுதப்பட்டனவா என்று சரிபார்க்க. இந்தியக் கம்பெனிப் பங்குகளுக்கு அது ‘ஐ.என்.இ.’ என்று தொடங்கும். பங்குகளை மின்னணு வடிவில் வைத்திருக்கும் உங்கள் டீமேட் கணக்கின் அறிக்கையில் ஒவ்வொரு பங்கின் பக்கத்திலும் அது அச்சாகியிருக்கும். ஒரே மாதிரிப் பெயருள்ள இரண்டு கம்பெனிகளில் எதை வாங்குகிறோம் என்று சந்தேகம் வந்தால் அதைத்தான் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.